வீராம்பட்டினம் தேர்க்கடை ராட்டினங்கள்: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.40

வெள்ளிக்கிழமை புதுச்சேரி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். அன்றைக்குக் கூட்டம் தாங்காது என்று, நேற்று சாயங்காலம்தான் கடலூரிலிருந்து மாமியாரையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட். அரியாங்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். கோயிலை நெருங்கும்போதே கடல் காற்றோடு பஜ்ஜி எண்ணெய் வாசனையும் ஜெனரேட்டர் புகையும் சேர்ந்து வந்தன. மகள் ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டாள்.

முதலில் போன மே மாதத்தைச் சொல்ல வேண்டும். சென்னைப் பக்கம் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தோம். எங்கள் வீட்டில் அது பெரிய செலவு, இரண்டு மாதம் சேர்த்து வைத்த பணம். உள்ளே சுத்தமாக இருந்தது, வேலை செய்கிறவர்களும் மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் நல்ல நல்ல ராட்டினங்களின் வாசலில் எல்லாம் உயரம் பார்க்கும் கம்பம் நின்றது. ஐந்து இடங்களில் என் மகளின் தலை கோட்டுக்குக் கீழே இருந்தது. ஐந்தாவது இடத்தில் அவள் குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தாள், அந்தத் தம்பி தலையை ஆட்டிவிட்டார். அவர் செய்தது சரிதான். மாமியாருக்கு மூட்டு வலி, எதிலும் ஏற முடியாது. ஆனால் வாசலில் அவருக்கும் முழு டிக்கெட். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வேப்ப மரத்தடியில் எங்கள் பைகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது, "அடுத்த தடவை என்னை விட்டுட்டுப் போங்கம்மா, காசு மிச்சம்" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது வீராம்பட்டினம். ஜெயண்ட் வீல் இரண்டு, கப்பல்போல ஊஞ்சலாடும் கொலம்பஸ், டோரா டோரா, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு டிராகன் ரயில், காற்றடைத்த சறுக்கு மரம். வளையம் எறிகிற கடை, துப்பாக்கியால் பலூன் சுடுகிற பலகை, வளையல் கடைகள், டெல்லி அப்பளம். இவையெல்லாம் எல்லாத் தேரிலும் இருப்பவைதான். நான் எழுத வந்தது கடைகள் முடிகிற ஓரத்தில் நின்றிருந்த ஒன்றைப் பற்றி. நான்கு மரத் தொட்டி கட்டிய ராட்டினம். மோட்டார் இல்லை. ஒரு அண்ணன் ஒரு பக்கம் நின்று இழுத்துவிட, அவர் மனைவி மறு பக்கம் பிடித்து நிறுத்துகிறார். அச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. மஞ்சள் பெயின்ட், அதன் மேல் தாமரைப்பூ.

மகள் நான்கு தடவை ஏறினாள். தொட்டி கீழே வரும்போதெல்லாம் "ஆயா!" என்று கூப்பிட்டாள். மாமியார் ஒவ்வொரு தடவையும் கை காட்டினார். ஒரு சுற்றில் அவர் பட்டாணி வாங்கத் திரும்பியிருந்தார். கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராததால், அடுத்த சுற்று கீழே வருவதற்குள் பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் எனக்குப் பட்டது, கீழே நிற்கிற ஆளும் இந்த ராட்டினத்தில் ஒரு பாகம். அவர் இல்லை என்றால் மேலே போய் என்ன செய்வது?

மாமியார் எதிலும் ஏறவில்லை. அவருக்கு யாரும் டிக்கெட் கேட்கவுமில்லை. வேடிக்கை பார்க்க அங்கே காசு கிடையாது. பஸ்ஸில் வரும்போது, "நல்லா இருந்துதும்மா, அடுத்த வருஷமும் வரலாம்" என்றார்.

நம் பக்கத்தில் இதுபோலச் சின்ன ராட்டினங்கள் இன்னும் எங்கே இருக்கின்றன? பழைய நினைவுகள் இருந்தாலும் எழுதுங்கள்.

---

முத்தியால்பேட்டை | ஞாயிறு, இரவு 10.15

நாங்கள் வெள்ளிக்கிழமையே போனோம் அக்கா. தேர் இழுக்கிறதைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பார், இப்போது துணைநிலை ஆளுநர். வில்லியனூர் தேருக்கும் அதே வழக்கம்தான். கூட்டத்தில் அப்பாவைக் கையைப் பிடித்தே நகர்த்த வேண்டியிருந்தது. ராட்டினத்துக்காகப் போகிறவர்கள் தேர் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து, வேலை நாளில், ஐந்து மணிக்குப் போங்கள். விளக்குப் போடுகிற நேரத்தில் உள்ளே இருப்பீர்கள், கூட்டமும் இருக்காது. நடுவில் இருந்த அன்னதானப் பந்தலை இப்போது எடுத்துவிட்டார்கள், நடக்க இடம் இருக்கிறது.

நீங்கள் சொன்ன மஞ்சள் ராட்டினத்தை நாங்கள் பார்க்கவில்லை. தம்பி மகனுக்காகவாவது இன்னொரு தடவை போக வேண்டும்.

---

இரட்டைப்பிள்ளை அம்மா | ஞாயிறு, இரவு 11.02

கெடிலக்கரை, உங்கள் எழுத்து மனதைத் தொட்டது. ஆனாலும் ஒரு அம்மாவாக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உயரம் பார்க்கிற அந்தக் கம்பத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஊர்த் திருவிழாவில் என் பையன்கள் இருவரையும் தூரி ராட்டினத்தில் ஏற்றினேன். அப்போது இருவருக்கும் நான்கு வயது. பாதிச் சுற்றில் தொட்டியின் குறுக்குக் கம்பி கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. பெரியவன் சின்னவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். கீழே இறக்கும்வரை நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. யாருக்கும் அடி படவில்லை. ராட்டினக்காரர் கம்பியைத் திரும்ப மாட்டி, பழைய துணியால் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த பிள்ளையை ஏற்றினார். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது பிள்ளைகளுக்கு ஏழு வயது. லாஸ்பேட்டையிலிருந்து வீராம்பட்டினம் ஒன்றும் தூரமில்லை, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் போய்விட்டார்கள் என்று தினமும் கேட்கிறார்கள். நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதைப் பார்த்து நம்பி ஏற்றுவது?

---

பழைய பெல்ட் | திங்கள், காலை 6.20

அம்மா, உங்கள் கோபம் நியாயம். துணி சுற்றினார் என்று படித்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. நான் பதினோரு வருடம் ராட்டின செட்டில் இருந்தவன். இப்போது கடலூர் முதுநகரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வருடம் ஆடியில் தொடங்கும். இங்கே தேர் முடிந்ததும் செட்டைப் பிரித்து லாரியில் ஏற்றி வேளாங்கண்ணிக்கு ஓட வேண்டும், அங்கே ஆகஸ்ட் 29 கொடியேற்றம். அதனால்தான் வீராம்பட்டினத்தில் பெரிய செட்டுகள் ரொம்ப நாள் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொழில் கிடையாது. அந்த இரண்டு மாதமும் பிரித்துப் போட்டு பேரிங் மாற்றுவது, வெல்டிங் பார்ப்பது, பெயின்ட் அடிப்பது. தைக்கு மேல் மறுபடியும் ரோடு. மாசியில் மேல்மலையனூர் மயானக்கொள்ளை, இந்தப் பக்கம் மாசி மகம்.

கடற்கரை ஊரில் ஜெயண்ட் வீல் நிறுத்துவது தனி வித்தை. மணல் வாங்கும். மேல் மணலை வெட்டி எடுத்துவிட்டு, ஈர மணல் மேல் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல்தான் கால் நிற்கும். தண்ணீர் டியூபைப் பிடித்து மட்டம் பார்ப்போம். ஆள் ஏற்றுவதற்கு முன் தொட்டிக்குத் தொட்டி மணல் மூட்டை வைத்து ஓட்டி, மறுபடியும் மட்டம். எங்கள் மேஸ்திரி அதோடு விட மாட்டார். ராத்திரி தொழில் முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டைகளைச் சுற்றி நடப்பார். கட்டை ஒரு விரல் இறங்கியிருந்தாலும் மறுநாள் ஓட்டம் கிடையாது. முதலாளி கத்தினாலும் அவர் அசைய மாட்டார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜெயண்ட் வீலில் உங்களை உச்சியில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் இல்லையா, பயம் காட்டுவதற்கு என்று நினைப்பார்கள். அப்போது கீழே எதிர்த் தொட்டியில் ஆள் ஏறுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் வரிசையாக ஏற்றிக்கொண்டே போனால் பாரம் ஒரு பக்கம் சாயும், பெல்ட் வழுக்கும், பிரேக் பிடிக்காது. அதனால் ஒரு தொட்டி நிரம்பினால், அதற்கு நேர் எதிரில் இருப்பதைக் கீழே கொண்டுவந்து ஏற்றுவோம். குண்டாக இருப்பவர் எதிரில் இன்னொரு குண்டானவர். இறக்கும்போதும் அதே கணக்கு. டிக்கெட் வாங்குகிற கையைவிட இந்தக் கணக்குப் போடுகிற கண்தான் ராட்டினக்காரனுக்கு முக்கியம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். குறுக்குக் கம்பியைப் போட்டபின் அதில் பின் குத்தி, அந்தப் பின் கழன்று விழாமல் சங்கிலியில் தொங்குகிறதா? ஓட்டுகிறவர் கண் ராட்டினத்தில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா? எதிரெதிரே ஏற்றுகிறாரா? பெல்ட்டும் சக்கரமும் ஓடுகிற இடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் தடுப்பு உண்டா? காற்று ஏறினால் நிறுத்துகிறாரா? கடற்கரையில் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். அப்புறம், பெண் பிள்ளைகள் பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்ள வேண்டும், துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். தலைமுடி அச்சில் சிக்கிய விபத்துகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. இதில் ஒன்று குறைந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். அழுதால் பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

ராட்டினங்களுக்கென்று ஐஎஸ் 15475 என்று இந்தியத் தர விதித்தொகுப்பே இருக்கிறது. நான் செட்டில் இருந்த காலத்தில் எங்களில் ஒருவருக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. அதை எளிய தமிழில் அச்சடித்து ஒவ்வொரு செட்டுக்கும் கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

---

கெடிலக்கரை | திங்கள், காலை 8.05

அண்ணா, உச்சியில் நிறுத்துவது கீழே யாரோ ஏறுவதற்காக என்று இத்தனை வயதில் இன்றுதான் தெரிந்துகொள்கிறேன். மகளிடம் சொன்னேன். "அப்ப நான் ஏறும்போது யாரு மேல இருந்தாங்க?" என்று கேட்டாள்.

இரட்டைப்பிள்ளை அம்மா, உங்கள் பையன்களுக்கு நடந்ததைப் படித்ததும் கை நடுங்கியது. அந்த மஞ்சள் ராட்டினத்தில் பின் இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க வேண்டும்.

---

நெல்லித்தோப்பு பாரிஸ் | திங்கள், மாலை 4.50

வணக்கம். எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாய். அந்த வழியில் நாங்கள் இங்கே பாரிஸுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. ஆடி வந்தால் வீராம்பட்டினத்தை நினைக்காத வருடம் இல்லை. தாத்தா பென்ஷன் வாங்கியதும் எங்கள் ஆறு பேரையும் அழைத்துப் போவார். ஆளுக்கு ஒரு ராட்டினம், ஒரு அப்பளம், அவ்வளவுதான். எதில் ஏறுவது என்று தேர்ந்தெடுப்பதற்கே அரை மணி நேரம் சுற்றுவோம்.

இங்கே லுக்சம்பூர் பூங்காவில் ஒரு குதிரை ராட்டினம் இருக்கிறது. 1879ல் வைத்தது. பாரிஸ் ஓப்பராவைக் கட்டிய ஷார்ல் கார்னியே வரைந்து கொடுத்தது. பெயின்ட் மங்கிய மரக் குதிரைகள். பாட்டுக் கிடையாது, வண்ண விளக்குக் கிடையாது. வெளி வரிசையில் உட்காரும் பிள்ளைகள் கையில் ஒரு குச்சி கொடுப்பார்கள். ராட்டினக்காரர் ஒரு மரக்கட்டையில் இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டுப் பிடித்திருப்பார். குதிரை அவரைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் குச்சியால் வளையத்தைக் கோத்து எடுக்க வேண்டும். நம் ஊரில் நாம் நிற்போம், வளையத்தை எறிவோம். இங்கே வளையம் நிற்கிறது, பிள்ளை பறக்கிறது. என் மகன் முதல் நாள் ஒன்றுகூட எடுக்கவில்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமை ஏழு எடுத்தான். அந்தச் சிரிப்பை என் தாத்தா பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு பழைய இடம் ழார்தேன் தக்ளிமத்தாசியோன் என்கிற பூங்கா. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1860ல் திறந்து வைத்தது. போர்த் மய்யோ என்கிற இடத்திலிருந்து உள்ளே போகும் குட்டி ரயில் 1878லிருந்து இருக்கிறது. அழகான இடம். ஆனால் அங்கே 1877 தொடங்கிப் பல வருடம் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் மனிதர்களைக் கொண்டுவந்து வேலிக்குள் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். 1883ல் இலங்கையிலிருந்து வந்தவர்களும் அப்படிக் காட்டப்பட்டார்கள். மகனுக்குப் பன்னிரண்டு வயதானதும் அந்த ரயிலில் வைத்தே இதைச் சொன்னேன். வேடிக்கை பார்க்கப்பட்ட அவர்கள் நம் நிறத்து ஆட்கள், நமக்குப் பக்கத்துக் கடற்கரை ஆட்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவர்கள். கெடிலக்கரை அக்கா வேடிக்கையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. வீராம்பட்டினத்தில் பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் ஒரே மணலில் நிற்கிறார்கள்.

---

ரயிலடி | திங்கள், இரவு 8.30

குட்டி ரயில் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் ஓடிய சிறுவர் ரயில்தான் எங்கள் தலைமுறையின் ராட்டினம்.

அப்பாவுக்கு ரோடியர் மில்லில் வேலை. சம்பளம் வந்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மா சுண்டல் கட்டிக்கொள்வாள், நடந்தே போவோம். 1826ல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தோட்டம் அது. அந்த மரங்களுக்கு நடுவே வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழும். ரயில் ஒரு வளைவில் திரும்பும்போது கிளை தலைக்கு மேலே உரசுவதுபோல் வரும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் குனிவோம். உண்மையில் யார் தலையிலும் இடிக்காது. அடுத்த மாதம் போனாலும் அதே இடத்தில் குனிவோம். அப்பாவும் எங்களோடு உட்கார்ந்து குனிவார். மில்லில் எப்போதும் இறுகிய முகத்தோடு இருக்கிற மனிதர் அவர். அந்த வளைவில் மட்டும்தான் அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்தபோது அந்தத் தோட்டத்தில் நிறைய மரங்கள் சாய்ந்தன. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். உள்ளே எப்போதும் இல்லாத அளவுக்கு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. 1898ல் தொடங்கிய மில்லையும் 2020ல் மூடிவிட்டார்கள். மில்லின் திடலில் இன்றும் பொருட்காட்சி போடுகிறார்கள், அப்போது அங்கே ஜெயண்ட் வீல் நிற்கும். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் அப்பா வேலை செய்த கூரை தெரியும்.

---

தேவனாம்பட்டினம் | செவ்வாய், காலை 7.10

எங்கள் ஊரில் மாசி மகம்தான் பெரிசு. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் வெள்ளிக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். சாமிகள் போனபிறகு ராத்திரியில் எங்களுக்கு ராட்டினம். நான் படகுக்காரன் மகன். கடலில் அலையில் ஏறி இறங்குகிறவனுக்குக் கொலம்பஸ் என்ன பெரிசு என்று கேட்பார்கள். படகில் வேலை இருக்கும், கண் வலையில் இருக்கும். கொலம்பஸில் சும்மா உட்காரலாம். அந்தச் சுகமே வேறு.

2004 டிசம்பர் 26ல் எங்கள் ஊரை அலை அடித்தது. அடுத்து இரண்டு மாதத்தில் மாசி மகம். எங்கள் வீட்டிலிருந்து யாரும் கரைப்பக்கம் போகவில்லை. அதற்கடுத்த வருடம் சித்தப்பா என்னைப் பிடிவாதமாக அழைத்துப் போனார். ஜெயண்ட் வீலில் ஏற்றிவிட்டுக் கீழே நின்றார். உச்சியில் நிறுத்தினார்கள். இருட்டில் கடல் கறுப்பாக, அமைதியாகக் கிடந்தது. படகு விளக்குகள் இரண்டு மூன்று தெரிந்தன. எனக்கு அழுகை வந்தது, ஆனால் பயமில்லை. இறங்கியதும் சித்தப்பா எதையும் கேட்கவில்லை, இன்னொரு டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்தார். அடுத்த வாரம் நான் கடலுக்குப் போனேன்.

கெடிலக்கரை அக்கா, உங்கள் மாமியார்போலக் கீழே நின்ற ஒருவரால்தான் நான் மறுபடியும் தொழிலுக்குப் போனேன். அதற்காகத்தான் இதை எழுதினேன்.

---

கரும்பலகை | செவ்வாய், மதியம் 1.25

பள்ளி இடைவேளையில் எழுதுகிறேன். ராட்டினம் என்ற சொல்லையே பாருங்கள். நூல் நூற்கிற ராட்டினம், கிணற்றில் நீர் இறைக்கிற ராட்டினம், பிள்ளைகள் ஏறுகிற ராட்டினம். வீட்டு வேலைக்குச் சுற்றியதுதான் விளையாட்டுக்கும் சுற்றுகிறது. ரங்கராட்டினம் என்று என் பாட்டி சொல்வாள், இன்றைய பிள்ளைகளுக்கு ஜெயண்ட் வீல் மட்டும்தான் தெரிகிறது.

1893ல் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் 264 அடி உயரத்தில் ஒன்றைக் கட்டினார். 36 கூண்டுகள், கூண்டுக்கு 60 பேர். அதனால் உலகம் முழுக்க அவர் பெயர் நிலைத்தது. ஆனால் அதற்கு 273 வருடம் முன்பே, 1620ல், பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி இன்றைய பல்கேரியாவில் மனிதர்கள் கையால் சுற்றிய மர ராட்டினங்களைப் பார்த்து எழுதி, படமும் வரைந்து வைத்திருக்கிறார். வீராம்பட்டினத்தின் மஞ்சள் ராட்டினம் அந்தப் பழைய குடும்பத்தைச் சேர்ந்தது. 264 அடிக்கு மேலே இருந்து ஒரு பிள்ளை "ஆயா" என்று கூப்பிட்டால் கீழே கேட்குமா? எனக்கு அந்த மர ராட்டினம்தான் உயர்ந்தது.

என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் தலைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பூங்கா பார்க்க முடியாத வீட்டுப் பிள்ளைகள். சுற்றுலாவுக்குப் பெயர் கேட்கும்போது அவர்கள் கையைத் தூக்குவதில்லை. ஆனால் தேர் முடிந்த திங்கட்கிழமை வகுப்பில் எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

---

இரட்டைப்பிள்ளை அம்மா | வியாழன், இரவு 9.55

போய் வந்துவிட்டோம். பழைய பெல்ட் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி.

நீங்கள் சொன்னபடி நின்று பார்த்தேன், ஐந்து நிமிடம் இல்லை, இருபது நிமிடம். முதலில் பார்த்த ராட்டினத்தில் பின் இருந்தது, சங்கிலி இல்லை. ஓட்டுகிறவர் அடிக்கடி போனை எடுத்தார். பையன்கள் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். சின்னவன் அழுதான், பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது ஜெயண்ட் வீலில் ஒரு பெரியவர் நின்றார். என் கேள்விகளுக்கெல்லாம் கோபப்படாமல் பதில் சொன்னார். அடியில் அடுக்கிய கட்டைகளை அவரே கூட்டிப்போய்க் காட்டினார். நீங்கள் எழுதிய மாதிரியே குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. பையன்களோடு நானும் ஏறினேன். மூன்று வருடம் கழித்து ராட்டினக் கம்பியைப் பிடிக்கிறேன், உள்ளங்கை வேர்த்தது.

உச்சியில் நிறுத்தினார்கள். "ஏம்மா நின்னுடுச்சு?" என்று பெரியவன் என் மடியை இறுக்கிக்கொண்டான். கீழே யாரோ ஏறுகிறார்கள் என்றேன். இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையை வெளியே நின்ற கணவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். பெரியவர் அவருக்குக் கம்பியைப் போட்டு, பின்னைக் குத்தி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "பின்னு போட்டுட்டாரும்மா" என்று சின்னவன் எனக்குச் சொன்னான்.

அப்புறம் மஞ்சள் ராட்டினத்தைத் தேடிப் போனோம். அதே இடத்தில்தான் இருந்தது. தொட்டிக் கம்பிகளில் பின், பின்னுக்குச் சணல் கயிறு. பையன்கள் தலைக்கு மூன்று தடவை. அவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி வரைதான் இருப்பார்களாம், சனிக்கிழமை காலையில் பிரித்துவிடுவார்கள். முத்தியால்பேட்டை, உங்கள் தம்பி மகனை நாளைக்கே அழைத்துப் போங்கள். கடைகள் முடிகிற ஓரம், கரும்புச் சாறு வண்டிக்குப் பின்னால்.